நான் வைத்திருக்கிறேன்

மார்ஸ்கேட்
9 செப்டம்பர்

அன்புள்ள மால்,

நான் நலம். பிராம்பிளும் நலம், நாயாக இருந்தாலும் உன்னைவிட ஒழுங்காகச் சாப்பிடுகிறான். அந்தத் தீவில் காற்றையும் பறவை எச்சத்தையும் தவிர வேறு ஏதாவது உன் வயிற்றுக்குள் போகிறதா என்று எழுது.

செய்தி இதுதான். பதினாறு வருடம் உட்கார்ந்திருந்த சூப்பர்மார்க்கெட் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன். நாம் படித்த அதே ஆரம்பப் பள்ளியில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். பாடம் சொல்லித்தருவதற்கு இல்லை. மனசு சரியில்லாத பிள்ளைகளோடு உட்காரும் உதவி ஆசிரியை வேலை. வியாழக்கிழமை கல்லூரி, மற்ற நாட்களில் பள்ளி. கல்லூரியில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரிக்கு வயது பத்தொன்பது. முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

பள்ளியில் எங்கள் அறைக்குக் 'கூடு' என்று பெயர். காலையில் டோஸ்ட் சுட்டு வெண்ணெய் தடவிக் கொடுப்போம். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய கிளிப்பை நிற அட்டையில் மாட்ட வேண்டும். கோபத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்கு நீலம், சந்தோஷத்துக்குப் பச்சை. எனக்கு முன்னால் இருந்த மிஸஸ் ஹாக் கோடையில் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய வழக்கம் ஒன்றைத் தலைமையாசிரியை மிஸஸ் கெண்ட்ரிக் எனக்குச் செய்து காட்டினார். பேசி முடித்ததும் உள்ளங்கையை நீட்டி, "அத எங்கிட்ட குடு, நான் வச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பிள்ளை தன் கையை அதன்மேல் ஒரு தடவை வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடும். கல்லூரியில் டெஸ்மண்ட் வேறு மாதிரி சொல்லித்தருகிறார். "அவங்க சுமைய நீங்க வாங்காதீங்க. பக்கத்துல நடங்க, போதும்" என்கிறார். ஆனால் மிஸஸ் ஹாக் காலத்தில் கூட்டில் ஒரு நாற்காலிகூடப் பறந்ததில்லையாம். எதைக் கேட்பது, சொல்.

வரும் பிப்ரவரி பதினாறோடு மைரி போய் ஒரு வருடம் ஆகிவிடும். மனைவியை அடக்கம் செய்த கையோடு பறவைக் காவலராகத் தீவுக்குப் போனவன், அதற்குப் பிறகு அவள் பெயரை நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கேட்கத் தங்கை ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான்.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.
ஹெதர்

*

ஸ்டென்னா தீவு
30 செப்டம்பர்

வாயாடிக்கு,

நான் நலம், பறவைகளும் நலம். சாமான் கொண்டுவரும் மேக்னஸின் படகு அலையால் இரண்டு வாரம் வரவில்லை. உன் கடிதமும் உருளைக்கிழங்கும் சேர்ந்தே நனைந்து வந்தன.

நீ பிள்ளைகளைத் தேற்றப் போகிறாயா? சொந்த அழுகையையே அடக்கத் தெரியாதவள் நீ. கப்பல் ஊதினால்கூட அழுவாய். ஆழம் தெரியாமல் காலை விடாதே. அந்த டெஸ்மண்ட் சொல்வதைக் கேள். பக்கத்தில் நடப்பது கால்வலியோடு போய்விடும்.

இங்கே கடலிலிருந்து கரையேறிய சீல்கள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. வாசலில் ஒன்று படுத்துக்கொண்டு என்னைத்தான் வெளியாள் மாதிரி பார்க்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன். காலுறைக்கு நன்றி. பிராம்பிளின் காதைச் சொறிந்துவிடு.
மால்கம்

*

மார்ஸ்கேட்
21 அக்டோபர்

அன்புள்ள மால்,

சௌக்கியமா? எனக்கு லேசான ஜலதோஷம், மற்றபடி குறையொன்றுமில்லை.

மிஸஸ் ஹாக்கின் வழக்கம் பலிக்கிறது! நாயைக் கண்டாலே மேசைக்கு அடியில் ஒளியும் பையன் ஒருவன் என் கையில் தன் கையை வைத்தான். மறுநாள் காவலாளியின் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். மிஸஸ் கெண்ட்ரிக் நடைவழியில் வைத்தே என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்து ஐவி. எட்டு வயது. தாத்தாதான் அவளைத் தினமும் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவாராம். ஆகஸ்டில் போய்விட்டார். அதிலிருந்து பேச்சே இல்லை. யார் தொட்டாலும் நாற்காலி பறக்கும். மூன்று வாரம் அவளோடு சும்மா உட்கார்ந்து களிமண் உருட்டினேன். டெஸ்மண்ட் அது போதும் என்றார். போதவில்லை மால், என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. திங்களன்று கையை நீட்டினேன். அவள் வைத்தாள். அவள் கை அத்தனை சூடாக இருந்தது. செவ்வாயன்று கிளிப்பைப் பச்சையில் மாட்டிவிட்டு இன்னொரு டோஸ்ட் கேட்டாள். பயிற்சி முடிவில் நடக்கும் மதிப்பீட்டுக்கு இவள் கதையைத்தான் சமர்ப்பிக்கப் போகிறேன்.

பிராம்பிளை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். ரோமம் ரொம்பக் கொட்டுகிறது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

குளிரில் தலையை மூடிக்கொள்.
ஹெதர்

*

ஸ்டென்னா தீவு
11 நவம்பர்

ஹெத்,

நான் நலம், பறவைகள் நலம்.

பிராம்பிளைக் கொடுத்துவிட்டாயா? ரோமத்துக்காகவா? ஐந்து வயதில் நாய்க்கூண்டுக்குள் தூங்கி அப்பாவிடம் அடி வாங்கியவள் நீ. என்ன நடந்தது என்று நேராக எழுது.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். காலையில் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிடுகிறேன், தினமும். அவளுடைய பச்சைக் கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சில நாள் என்னால் தாண்ட முடிவதில்லை. பறவைக் கணக்கை ஜன்னல் வழியாகவே எடுத்துவிடுகிறேன். முடியவில்லை ஹெத்.

படகு காத்திருக்கிறது.
மால்

*

மார்ஸ்கேட்
23 நவம்பர்

என் அருமை மால்,

நலமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தாளின் கீழ்ப்பாதியில் என் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறேன், குழந்தைகள் வரைவது போல. சிரிக்காதே. உன் கையை அதன்மேல் வை. அதை என்னிடம் கொடு. நான் வைத்திருக்கிறேன்.

நாயைப் பற்றி என்ன எழுத? எதிரே ஒன்று வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். வயதாகிறது போலிருக்கிறது.

இன்று பள்ளி வாசலில் யாரோ மக்காச்சோளம் சிந்தியிருந்தார்கள். அந்த வாசனையில் தாத்தாவின் புறாக்கள் ஞாபகம் வந்துவிட்டன. பந்தயத்தில் கடைசியாகத் திரும்பி வரும் அந்தச் சாம்பல் பெட்டைக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்து, அதற்கு மட்டும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வாரே! என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூரையில் ஏறுவார். உனக்கும் ஞாபகம் இருக்கிறதா?

கையை வை. மறக்காதே.
ஹெதர்

*

ஸ்டென்னா தீவு
4 ஜனவரி

வாயாடிக்குப் புத்தாண்டு வாழ்த்து!

நான் நலம், பறவைகள் நலம், இந்த முறை வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. படகு கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே உன் படத்தின்மேல் கையை வைத்தேன். என் கை பெரிது, நான்கு பக்கமும் பிதுங்கி நின்றது. அன்றைக்குத் தூங்கிய தூக்கம் நான் சின்ன வயதில்கூடத் தூங்கியதில்லை.

வீட்டைச் சுத்தம் செய்தேன். கதவுக்குப் பின்னால் பெண்கள் போடும் பச்சைக் கோட்டு ஒன்று கிடந்தது. எனக்கு முன்னால் இருந்த காவலரின் வீட்டம்மா விட்டுப்போனதாக இருக்கும். நல்ல துணி. மேக்னஸின் அக்காவுக்கு ஆகும் என்று கொடுத்தனுப்பிவிட்டேன். கோப்பை ஒன்று அதிகமாக இருந்தது, அதில் ஆணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

எந்தத் தாத்தா, என்ன புறா? ஒருவர் நாம் பிறக்கும் முன்பே போய்விட்டார். இன்னொருவருக்கு இறகு பட்டாலே தும்மல், தலையணைகூட வைக்க மாட்டார். கல்லாவை விட்டதும் கற்பனை பெருகிவிட்டது உனக்கு.

ஒன்று கேட்க மறந்தேன். உன் பழைய கடிதம் கண்ணில் பட்டது. அதில் மைரி என்று எழுதியிருக்கிறாயே, யார் அது? உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?

சந்தோஷமாக இரு.
மால்கம்

*

மார்ஸ்கேட்
24 ஜனவரி

அன்புள்ள மால்,

நான் நலம். நீ நலம் என்று எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன்.

மைரி எனக்குத் தெரிந்தவள். பிறகு எழுதுகிறேன்.

நேற்று ஐவி டோஸ்டைத் தொடாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். "மிஸ், நான் உங்ககிட்ட ஒண்ணு குடுத்தேன்ல? அது எனக்கு வேணும்."

"எதுக்கு செல்லம்? இப்பதான் நல்லா இருக்கியே."

"வீட்ல ஒரு தொப்பி இருக்கு மிஸ். அம்மா அத மடியில வச்சுக்கிட்டு அழறாங்க. யாரு தொப்பின்னு கேட்டேன். அம்மா என்னப் பாத்துப் பயந்துட்டாங்க."

நாளைக்குப் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போய்க் கிளிப்பை அட்டையின் வெளியே, எந்த நிறத்திலும் சேராமல், வெறும் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டே நின்றாள். அது நிற்குமா? விழுந்தது. மறுபடி வைத்தாள்.

நமக்குப் புறா வளர்த்த தாத்தா இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கண்ணை மூடினால் அவர் தோள் தெரிகிறது. நம்மை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை, மால். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மேக்னஸிடம் அந்தக் கோட்டைப் பற்றிக் கேள். தயவுசெய்து கேள்.
ஹெதர்

*

ஸ்டென்னா தீவு
16 பிப்ரவரி

வாயாடி,

நான் நலம், பறவைகள் நலம். இன்று வானம் வெளுத்து அருமையான நாள். காலையிலிருந்து விசிலடித்துக்கொண்டே வேலி கட்டினேன்.

கோட்டைப் பற்றி மேக்னஸிடம் என்ன கேட்பது? அந்த மனுஷனுக்கு வேறு ஏதோ ஆகிவிட்டது. இன்றைக்குக் கரையில் இறங்கியதும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னிக்கி உன்ன நெனச்சேன் மால்கம், தனியா இருக்க வேணாம்னு வந்தேன்" என்றான். ஒரு பாட்டில் விஸ்கி வேறு. "என்னய்யா விசேஷம், எனக்குப் பொறந்தநாள் ஜூன்ல" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. விஸ்கியை வைத்துவிட்டு, என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படகை எடுத்தான்.

வேலி கட்டும்போது விரலில் ஒரு மோதிரம் இறுக்கியது. எப்போது, எதற்குப் போட்டேன் என்றே தெரியவில்லை. சோப்புப் போட்டுக் கழற்றி ஆணிக் கோப்பையில் போட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் வேடிக்கை. இங்கிருக்கும் சீல்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. நான் வாசலுக்கு வந்தால் எல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிடுகின்றன.

கவலையில்லாமல் இரு, என்னைப் போல.
மால்கம்

*

மார்ஸ்கேட்
12 மார்ச்

அன்புள்ள மால்,

உறை இரண்டு அனுப்பியிருக்கிறேன். இதை முதலில் படி. நலம் விசாரிப்பதற்கு இதில் இடமில்லை.

உன் பிப்ரவரிக் கடிதத்தின் தேதியைப் பார்த்ததும் மிஸஸ் ஹாக்கைத் தேடிப் போனேன். பகலிலும் திரை மூடிய வீடு. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என் வெள்ளெலி செத்துப்போச்சு கண்ணு. ஷூ டப்பாவுல வச்சுப் பொதச்சோம்." எழுபது வயதுப் பெண்மணி, மால். பிறகு முகம் தெளிந்து, அமைதியாகச் சொன்னார்: "அது என்னுது இல்ல, தெரியும். யாருதுன்னுதான் தெரியல. நெறைய இருக்கு உள்ள. திருப்பிக் குடுக்கணும்னா குடுத்தவங்க கையத் தொட்டு ஒண்ணு விடாம சொல்லணும். புள்ளைங்கல்லாம் வளந்து எங்கயோ போயிட்டாங்க. யார் கையப் போய்த் தொடுவேன்?"

எனக்குப் பயமாக இருந்தது. அந்த அறையில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். ஆனால் கூட்டம் நிறைந்த அறையிலிருந்து வெளியே வருவது போல இருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கு ஆய்வாளர்கள் வருகிறார்கள். "இப்ப ஐவியக் கிளப்பி விடாதீங்க, ஹெதர். ஸ்கூல் அமைதியா இருக்கு. உங்க மதிப்பீடும் அவளை நம்பித்தான் இருக்கு" என்றார் மிஸஸ் கெண்ட்ரிக். தலையாட்டிவிட்டு வந்து ஐவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூரை, மக்காச்சோளம், மகாராணி, தொப்பி, தோள், கடைசியில் தோளில் தூக்க முடியாமல் போனபோது அவர் கேட்ட மன்னிப்பு. சொல்லச் சொல்ல என்னிடமிருந்து ஒவ்வொன்றாகப் போனது. இப்போது உனக்கு எழுதுவதெல்லாம் நான் சொன்ன வார்த்தைகள்தான். படம் எதுவும் தெரியவில்லை.

ஐவி வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. பள்ளி முழுக்கக் கேட்டது. நாற்காலி பறந்தது, டோஸ்டர் பறந்தது. அவளோடு தரையில் உட்கார்ந்திருந்தேன், கையை நீட்டாமல். சத்தம் ஓய்ந்ததும் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "தாத்தா தொப்பிய நான்தான் வச்சுக்குவேன், அம்மா கேட்டாலும் தர மாட்டேன்" என்றாள். எழுந்து போய்க் கிளிப்பை நீலத்தில் மாட்டினாள்.

மதிப்பீடு தள்ளிப்போய்விட்டது. வேலை இருக்குமா என்று தெரியாது. நாய்க்குப் பயந்த அந்தப் பையன் விடுமுறைக்குப் போயிருக்கிறான், வந்ததும் அவனுடையதையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது மற்ற உறையைத் திற. உட்கார்ந்துகொண்டு திற.
ஹெதர்

*

(இரண்டாவது உறை)

மால்,

தாளின் கீழே என் கை இருக்கிறது. உன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு படி.

அவள் பெயர் மைரி. உன் மனைவி. கஞ்சியில் உப்புப் போடுவாள். சர்க்கரை கேட்டால் உன்னைக் கைக்குழந்தை என்பாள். பச்சைக் கோட்டில் இடது கையை முதலில் நுழைப்பாள், வலது கை எப்போதும் சிக்கிக்கொள்ளும். கெட்ட வார்த்தை சொல்லி உன்னைக் கூப்பிடுவாள். வேண்டுமென்றேதான் சிக்கவிடுகிறாள் என்று உனக்குத் தெரியும். தெரியும் என்று நீ ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

ஸ்டென்னாவில் வேலை இருக்கிறது என்ற விளம்பரத்தை வெட்டி வைத்தவள் அவள். இருவரும் சேர்ந்து போவதற்காக.

மருத்துவமனையில் அந்தக் கடைசி நாள், உதடு காய்ந்து போய், "நல்ல டீ ஒண்ணு வாங்கிட்டு வாடா, இவங்க குடுக்கறது பாத்திரம் கழுவுன தண்ணி" என்றாள். நீ கீழே போனாய். வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்ற ஆள் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தான். நீ திரும்பி வந்தபோது நர்ஸ் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். உன் இரண்டு கையிலும் கோப்பை இருந்ததால் மைரியைத் தொட முடியவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டே நின்றாய்.

இதை நீ யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கிறிஸ்துமஸிலிருந்து தெரியும். தினமும் காலையில் நானும் இரண்டு கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இனி எனக்குத் தெரிந்த மைரி மட்டும்தான் என்னிடம் இருப்பாள், என் கல்யாணத்தில் கேக்கின்மேல் விழுந்தவள். உன்னுடைய மைரி இதோ. வாங்கிக்கொள்.

உன் தங்கை

*

ஸ்டென்னா தீவு
9 ஏப்ரல்

ஹெத்,

வந்து சேர்ந்தது.

படித்துவிட்டு என்ன செய்தேன் என்று கேட்காதே. மேக்னஸ் வந்தபோது வாசலில் கிடந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தான். சீல்களும் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

முதலில் உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. இன்னொரு கடிதத்தில் உன்னைத் திட்டியும் எழுதினேன், கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க, திரும்பவும் உன்னிடமே அனுப்பிவிடலாமா என்று உன் கைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுப்பில் போட்டேன்.

மோதிரத்தை ஆணிகளுக்குள்ளிருந்து எடுத்துவிட்டேன். கோட்டை மேக்னஸின் அக்கா மடித்துக் கொடுத்தனுப்பினாள். வலது கையின் உள்துணி கிழிந்திருக்கிறது. அது பழைய கிழிசல், மைரி கிழித்தது.

பஃபின் பறவைகள் திரும்பிவிட்டன. வெளியே போய்த்தான் எண்ணினேன். எதிர்வீட்டில் கெஞ்சியாவது பிராம்பிளைத் திரும்ப வாங்கு.

இன்று காலை இரண்டு கோப்பை ஊற்றினேன். இரண்டையும் குடித்தேன்.

நான் நலமாக இல்லை.

நன்றி.

மால்